ராணி எலியோனம்மாள் தலையில் விழுந்த மண்

ராணி எலியோனம்மாள் கடலுக்குள்ளிருந்து எழுந்து சேந்தான்துறைக் கரைக்கு நடந்து வந்தது ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடையைத் தலையில் ஏற்றுகிற நேரத்தில். யாரும் அலறவில்லை. யாரும் ஓடவுமில்லை. தரையில் புரண்ட சிவப்புப் பட்டுப் பாவாடை, கழுத்தைச் சுற்றி அப்பளம் பொரித்து வைத்தது போல விறைத்து நின்ற வெள்ளைக் காலர், தோளில் தீப்பட்ட தழும்பு, எல்லாம் வருசா வருசம் நாடகத்தில் பார்த்துப் பழகின வேசம்தான் என்பதால் ஊருக்கே ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. "இவ அவதானே?" என்றாள் மீன்காரி எஸ்கலின். "அவளேதான். பாவிமட்டைக்குத் துணிச்சலைப் பாரு, வந்து வந்து நம்ம ஊருக்கா வரணும்?" என்றாள் பக்கத்தில் நின்றவள். ராணி அவர்கள் முன்னால் வந்து நின்று, கையை நெஞ்சில் வைத்து, நாடகத்தில் பாடுகிற அதே இழுவையில், "தாகமதால் நாவறண்டேன், தண்ணீர் தாரும் பெண்களே" என்றாள். கொடுக்கலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. தாகமாயிருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடு என்றுதான் ஞானோபதேசத்தில் இருக்கிறது, ராணிக்கு மட்டும் கொடுக்காதே என்று அதில் இல்லை என எஸ்கலின் சொன்ன பிறகு ஒரு செம்பு தண்ணீர் வந்தது.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு அவள்மேல் இருந்த ஆத்திரம் உங்களுக்கு விளங்காது. தை மாதம் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் மாலை, வெயில் தாழும் முன்னால், கடற்கரையில் எலியோனம்மாள் வாசாப்பு நடக்கும். வாசாப்பு என்றால் வேதக்காரர்களான கத்தோலிக்கர்கள் ஆடும் பாட்டு நாடகம். துல்தேயு என்கிற தேசத்து ராணி அவள். அந்தத் தேசம் கொழும்புக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தினம் பூசை காண்பவள், கழுத்திலிருந்து மாதா உத்தரியம் கழற்றாதவள், செபமாலை விரலை விட்டு இறங்காதவள். அப்படிப்பட்டவள், எதிரிகள் அவள் கப்பலுக்குத் தீ வைத்த அன்று, தான் தப்பிப்பதற்காகத் தன் ஒரே மகனைக் கொன்றுவிட்டுக் கடலில் குதித்துக் கரைசேர்ந்தாள். வேற்று மதத்துக்காரி செய்திருந்தால் ஊர் இவ்வளவு கொதித்திருக்காது. நம்மவள் செய்தாளே என்றுதான் கோபம். அதனால் அந்த இடம் பாடி முடிந்ததும் ஊரிலுள்ள பெண்கள் எல்லாரும் எழுந்து ஆளுக்கொரு பிடி மண்ணை வாரி ராணி வேசக்காரன் தலையில் தூற்ற வேண்டும் என்பது வழக்கம். எத்தனை தலைமுறையாக என்று கேட்காதீர்கள்.

இந்த மண் தூற்றுவதில் சலேத்து பெண்சாதி கித்தேரியை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் காய்ந்த மணலை அள்ளுவார்கள். கித்தேரி மட்டும் அலை நனைக்கிற இடத்துக்குப் போய் ஈரமண்ணாகப் பிசைந்து எடுத்து வருவாள், ஏனென்றால் ஈரமண் பட்டால் வலிக்கும். பதினோரு வருசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது, நாலு வயசு மகள் பெனித்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவள் அவள். ஏலக்கொட்டகைக் கூரையில் அவளைக் கண்டெடுத்தபோது தோள்பட்டை முறிந்து, கை மட்டும் பிள்ளையை அணைத்தது போல் மடங்கி இருந்தது, கைக்குள் பிள்ளை இல்லை. கடலில் தொழிலுக்குப் போயிருந்த சலேத்து தப்பிப் பிழைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டது ஒரே வார்த்தை. "விட்டுட்டியா?"

மூன்றாம் நாள் உப்பளத்துக்குப் பின்னால் உடைமரக் காட்டில் பிள்ளை கிடைத்ததும், தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டாமல் அவனே அடக்கம் செய்தான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பிள்ளையை விட்டுட்டுத் தான் ஏறிக்கிட்டா என்று ஒருத்தி சொல்ல, அதை நாலு பேர் சொல்ல, நல்லதண்ணிக் குழாயடியில் அவளுக்குப் பெயரே எலியோனம்மாள் என்று ஆகிப்போனது. கித்தேரி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தை மாதம் வந்தால் ஈரமண்ணைப் பிசைந்து எல்லோரையும்விட ஓங்கி எறிந்தாள். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எறிந்தாள். சலேத்து அவளிடம் சோறு போடு, வலையை எடு, கதவைச் சாத்து என்றெல்லாம் பேசுவான். பிள்ளையின் பெயரை மட்டும் அவன் வாய் அதற்குப் பிறகு உச்சரிக்கவே இல்லை.

ராணியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது ஊர்த்தலைவர் கஸ்பார் மச்சாது தலையைச் சொறிந்தார். கோயில் வளாகத்தில் வைக்க சாமியார் யோசித்தார். பள்ளிக்கூடத்தில் வைத்தால் பிள்ளைகள் பயப்படும். கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ, முகம் தெரியாமல், "இனம் இனத்தோட இருக்கட்டுமே" என்று சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. எல்லோரும் கித்தேரியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள், ராணி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். சலேத்து வாசலில் இருந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கு ரெண்டு" என்று மட்டும் சொல்லி உள்ளே போனான்.

மறுநாள் காலை முற்றத்தில் உட்கார்ந்து ராணி தலைமயிரை அவிழ்த்துச் சீவினாள். சீப்புப் பட்ட இடத்திலெல்லாம் மண் கொட்டியது. ஒரு பிடி, இரண்டு பிடி என்றால் சொல்லுவானேன், முற்றம் நிறைந்து தெருவுக்கு வழிந்து, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டை மூடுகிற அளவுக்குக் கொட்டியது. பழைய மண் கறுத்திருந்தது, நடுக்காலத்து மண்ணில் உடைந்த சிப்பி கிடந்தது, கடைசியில் கொத்துக் கொத்தாக ஈரமண் விழுந்தது. அந்த ஈரக்கட்டிகளில் ஐந்து விரலும் பதிந்திருந்ததைக் கித்தேரி பார்த்தாள். தன் விரலை அதில் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. "எந்தன் சிரம்மேல் எறிந்ததெல்லாம் இறங்குதம்மா" என்றாள் ராணி, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல். கித்தேரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீப்பை வாங்கி அவளே சீவிவிட்டாள், சீவச் சீவ அழுதாள், மண் நின்றபாடில்லை.

முதலில் தெருக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அப்புறம் கஸ்பார் மச்சாது மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, கடலைத் திரும்பிப் பார்த்தார். சேந்தான்துறையை அந்தக் கடல் வருசத்துக்கு வருசம் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. மூன்று தெருக்கள் போயாகிவிட்டன, அதில் ஒன்று மச்சாதுவின் தெரு. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டித் தரச் சொல்லிக் கொடுத்த மனுக்களை அடுக்கியிருந்தாலே ஒரு தூண்டில் வளைவு ஆகியிருக்கும். "இந்த மண்ணைக் கரையில கொட்டுங்கய்யா" என்றார். கொட்டினார்கள். பிளாஸ்டிக் கூடை, சாக்கு, மீன்பெட்டி என்று கைக்குக் கிடைத்ததில் அள்ளிக் கொட்ட, கார்த்திகை பிறக்கும் முன் முதல் தெரு இருந்த இடம் திரும்பி வந்தது, மார்கழியில் இரண்டாவது தெருவும் வந்தது, ஆட்கள் பழைய அஸ்திவாரக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து இது எங்க அடுப்படி, இது எங்க பெரியவ பிறந்த அறை என்று நின்று பார்த்தார்கள்.

ராணி ஊருக்குப் பழகிப்போனாள். அவளை எந்த அன்பியத்தில், அதாவது கோயிலில் தெருவாரியாகப் பிரித்த செபக்குழுவில், சேர்ப்பது என்று ஒரு வாரம் விவாதித்து, புனித சவேரியார் அன்பியத்தில் சேர்த்தார்கள். எஸ்கலின் ஒரு பழைய நூல்சேலை கொடுத்தாள். கருவாடு காயவைக்கக் கற்றுக்கொண்டு, "நெத்திலியே, வெயிலினிலே நீட்டி நிமிர்ந்திடுவாய்" என்று ராகம் போட்டு அவள் புரட்டிவிட, பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனாள். உள்ளே சொன்னது என்ன என்று சாமியார் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் வெளியே வந்து அவள் முழந்தாளிட்டு, பாவத்துக்குத் தண்டனையாகச் சாமியார் கொடுத்த அபராதச் செபத்தைச் சொன்னதை ஊரே எட்டி எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி எழுந்துவிட்டாள். "பிள்ளையைக் கொன்னதுக்கு ஒரு அருள்நிறையா?" என்று எஸ்கலின் வாய்விட்டே கேட்டாள். "நான் மீனு நிறுவையில ஏமாத்தினதுக்கே சாமியார் அம்பத்துமூணுமணிச் செபமாலை குடுத்தாரே!" அன்றைக்குப் பல பேருக்கு மனசு கொஞ்சம் இடித்தது. மறுநாள் காலை ராணி தலை சீவியபோது பாதி மண்தான் விழுந்தது.

விசயம் பிடிபட்டுப்போனது. ஊர் திட்டினால் மண் வரும், ஊர் இரங்கினால் மண் குறையும். மூன்றாவது தெரு இன்னும் தண்ணீருக்குள் கிடக்கிறதே, என்ன செய்வது? அன்பியம் அன்பியமாக முறை வைத்து, காலை ஆறு மணிக்குச் சலேத்து வீட்டு முற்றத்துக்கு வந்து ராணியை வைதார்கள். திங்கள் சவேரியார், செவ்வாய் அந்தோணியார், புதன் சகாயமாதா. "பிள்ளையைத் தின்னி! உன் குலம் விளங்காமப் போக!" என்று கத்திவிட்டு, போகும்போது கிட்டே வந்து, "மனசுல வச்சுக்காத தாயி, ஊருக்காகத்தான்" என்று சொல்லி, ஒரு துண்டு கருப்பட்டியோ இரண்டு வாழைப்பழமோ வைத்துவிட்டுப் போனார்கள். ராணி தலைகுனிந்து வாங்கிக்கொள்வாள். உள்ளே அடுப்படியில் நின்ற கித்தேரிக்கு அந்த வசவு ஒவ்வொன்றும் தன் முதுகில் விழுந்தது. ஏனென்றால் வந்தவர்களில் சிலர் வையும்போது ராணியைப் பார்க்கவில்லை, அடுப்படிப் பக்கம்தான் பார்த்தார்கள்.

இவ்வளவு வசவுக்கும் அசையாதவள் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் நடுங்கினாள். அது வசவுகூடக் கிடையாது. 'கொண்ணா'. கொண்டு வா என்பதைச் சேந்தான்துறையில் அப்படித்தான் சொல்வோம். வலையைக் கொண்ணா, மண்ணெண்ணெயைக் கொண்ணா, அந்தச் சின்னதைக் கொண்ணா கொஞ்சிட்டுத் தாரேன் என்று காலையிலிருந்து ராத்திரிவரை நூறு தடவை ஊர் சொல்கிற சொல். அதைக் கேட்கும்போதெல்லாம் ராணி காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டினாள். ஒருநாள் மத்தியானம் எஸ்கலின் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி கித்தேரி, அந்தச் சுளகைக் கொண்ணா" என்று கூப்பிட, ராணி கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்தாள். கித்தேரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னம்மா அது, அந்தச் சொல்லுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். ராணி உடைந்த தட்டின் துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்தாள். பிறகு மெதுவாக, நாடகத்தில் தன்னைப் பற்றி வருகிற வரியைத் தானே பாடினாள்:

"பற்றியெரி கப்பலிலே பாலகனைக் கொண்டாள்,
பாவி எலியோனம்மாள் பாய்ந்துகரை கண்டாள்."

கித்தேரி அந்த வரியைக் குழந்தையிலிருந்து கேட்டவள். பாலகனைக் கொன்றாள் என்றுதான் கேட்டிருக்கிறாள். "கொன்றாள் இல்லையா?" என்றாள். "கொண்டேன் அம்மா கையிலே, கொண்டேன் அம்மா மார்பிலே, கொண்ட பிள்ளை அலையினிலே" என்று தொடங்கிய ராணியால் அந்த அடியை முடிக்க முடியவில்லை. வாசாப்பில் வருகிற அத்தனை பாட்டும் தெரிந்தவளுக்கு அந்த ஒரு அடி முடிய வரவில்லை. கித்தேரிக்கு அந்த மிச்சம் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அடுப்பில் குழம்பு தீய்வதுகூடத் தெரியாமல் அழுதார்கள்.

போட்டது போட்டபடி கித்தேரி நாடகம் பழக்குகிற வஸ்தியான் அண்ணாவியார் வீட்டுக்குப் போனாள். அவர் தேர்ந்த பாடகர், ஊரில் எவனாவது தாளம் தப்பித் தும்மினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். "அண்ணாவி, பாலகனைக் கொன்றாள்னு பாடுறீங்களே, அடுத்த வரி என்ன?" என்று கேட்டாள். "பாய்ந்துகரை கண்டாள்." "கொன்றாள், கண்டாள். சேருதா அண்ணாவி?" வஸ்தியான் அந்த இரண்டு வரியையும் வாய்விட்டுப் பாடினார். இன்னொரு தடவை தொடையில் தாளம் தட்டி உள்ளுக்குள்ளேயே பாடிப் பார்த்தார். "கொண்டாள்... கண்டாள்" என்று அவர் உதடு முணுமுணுத்தது. "அட சேசுவே" என்று நெஞ்சில் கைவைத்தார். "நாப்பது வருசமா அந்த இடத்துல எனக்குக் காது இடறும் கித்தேரி. எங்கப்பாவுக்கும் இடறிச்சு. அவர்தான், அந்த எடத்துல ஆர்மோனியத்தைக் கொஞ்சம் தூக்கி வாசிச்சு மூடிருலேன்னு சொல்லிக் குடுத்தாரு. மூடிட்டேன்."

எப்படி நடந்திருக்கும் என்று அவரே சொன்னார். முதலில் பாடினவர் எழுத்தறியாத கடல்காரர். கொண்டாள் என்பதும் நம்ம வாயில் கொண்ணா என்றுதான் வரும், அப்படியே கொண்ணா, கண்டா என்று பாடியிருப்பார். அதைக் கேட்டு நோட்டில் எழுதியவர் மேற்கே இருந்து வந்த உபதேசியார். படித்த மனுசனுக்குக் கொண்ணா என்கிற சொல் தெரியாது. பாமரன் கொன்னாள் என்று கொச்சையாகச் சொல்கிறான் என்று நினைத்து, பாவம், நல்ல தமிழாகத் திருத்திக் கொன்றாள் என்று எழுதிவிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எரிகிற கப்பலிலிருந்து குதித்த ஒரு தாயை, ஒரு எழுத்தைத் திருத்தி, எத்தனையோ தலைமுறைக்குக் கொலைகாரி ஆக்கியாயிற்று. தினம் நூறு தடவை நாமே சொல்கிற சொல், நமக்கே காதில் விழவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் கூடியது. அண்ணாவியார் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். மறுத்து ஒருவரும் பேசவில்லை. அதுதான் கொடுமை. ராணி நல்லவள் என்று ஊர் நம்பிவிட்டது. கஸ்பார் மச்சாது எழுந்து, கெட்ட மனுசன் இல்லை அவர், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினார். "எனக்கும் புரியுது. அந்தம்மா மேல குத்தமில்ல. ஆனா நாடகத்துல அதைச் சொல்லிட்டா ஊரு மனசு முழுசா இறங்கிரும், மண்ணு நின்னுரும். மூணாம் தெரு இன்னும் வரல. வந்த ரெண்டு தெருவும் ஆடி மாசக் காத்துக்குத் தாங்காது. இந்த ஒரு வருசம் பழையபடியே பாடுவோம், பழையபடியே தூத்துவோம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் நாலாம் தெரு வேணும்பீங்க" என்று கித்தேரி எழுந்து நின்றாள். பதினோரு வருசத்தில் அவள் ஊர்க்கூட்டத்தில் பேசினது அதுதான் முதல் தடவை. "பிள்ளையைத் தூக்கிட்டுக் குதிச்ச தாய் அவ. கையில இருந்து கடல் பிடுங்கிட்டுப் போச்சு. அவ விடல. அதை நீங்க ஒரு தடவை வாயால சொல்லணும், அவ்வளவுதான். இத்தனை பேர் வைதீங்க, ஒரு தடவை சொல்லுங்க." அவள் யாருக்காகக் கேட்கிறாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் விளங்கியது. அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து சலேத்துவின் குரல் கேட்டது. "கடலுக்குள்ள நடந்ததை எவன் பாத்தான்?" கித்தேரி உட்கார்ந்துவிட்டாள். பழையபடியே பாடுவது என்று முடிவாகியது.

தை மாதம் திருவிழா வந்தது, போனது. மறுநாள் மாலை கரையில், திரும்பி வந்த மண்ணின்மேலேயே மேடை போட்டார்கள். ராணி வேசத்துக்கு ஆள் தேடுகிற வேலை அந்த வருசம் மிச்சம். சிவப்புப் பட்டை உடுத்திக்கொண்டு அவளே வந்து நடுவில் நின்றாள். கப்பல் எரிந்தது, எதிரிகள் கொக்கரித்தார்கள், பெண்கள் கையில் மண்ணோடு எழுந்து நின்றார்கள். கித்தேரி வெறுங்கையோடு நின்றாள். வஸ்தியான் அண்ணாவியார் பற்றியெரி கப்பலிலே என்று எடுத்தார், பாலகனை என்று இழுத்தார், ஆர்மோனியத்தைத் தூக்கி வாசிக்க வேண்டிய இடத்தில் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார். வெறும் குரல் மட்டும் நின்றது. "கொண்டாள்" என்று பாடினார். ஒரு தடவை பாடி, போதாது என்று மூன்று தடவை பாடினார். ஊர்க்கட்டுப்பாட்டை மீறினோமே என்று அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் அந்த இடத்தில் சுருதி முதல்முறையாகச் சேர்ந்ததில் முகம் குழந்தை முகம்போல ஆகிவிட்டது.

ஒருத்தியும் கை ஓங்கவில்லை. எஸ்கலின்தான் முதலில் விரலை விரித்தாள், மண் அவள் காலடியிலேயே விழுந்தது. பிறகு ஒவ்வொரு கையாக விரிந்தது, கடைசியில் மச்சாதுவின் பெண்சாதி கையும் விரிந்தது. ராணி தலையை ஒரு தடவை உதறினாள். ஒரு பொட்டு மண் விழவில்லை. அவள் மேடையிலிருந்து இறங்கி, கித்தேரியிடம் வந்து, இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தடவி, ராகமில்லாமல், இலக்கணமில்லாமல், ஊர்க்காரி மாதிரியே, "வாறேன்ட்டி" என்றாள். பெண்களும் வழக்கம்போல, "போயிட்டு வா" என்றார்கள். அவள் கடலுக்குள் இறங்கி நடக்க நடக்கத் தண்ணீர் இடுப்புவரை வந்தது, கழுத்துவரை வந்தது, அந்த வெள்ளைக் காலர் கொஞ்ச நேரம் தண்ணீர்மேல் மிதந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

அதற்கு அப்புறம் நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். பங்குனியில் முதல் தெரு போனது, வைகாசியில் இரண்டாவது போனது, ஆனி பிறந்ததும் கடல், இத்தனை நாள் பட்டினி கிடந்த வீம்போ என்னவோ, இதற்குமுன் தொடாத நாலாம் தெருவிலும் பல்லை வைத்தது. சலேத்து வீடு நாலாம் தெருவில் கடைசி வீடு. குழாயடியில் சிலர் கித்தேரியைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஆனால் ராணியைத் திட்டிப் பார்ப்போம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம். திட்ட வாய் வரவில்லை. மச்சாது நாலாம் தெருவிலிருந்த தன் தங்கை வீட்டு நிலைக்கதவைப் பெயர்த்து வண்டியில் ஏற்றும்போது, "போகட்டும், ஓசியில வந்த மண்ணு" என்றார். கித்தேரிக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. ராணியைப் பற்றி ஊர் சொல்லிவிட்டது. தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய வாய் அப்படியே மூடிக் கிடந்தது.

ஆடி மாதம் பத்தாம் தேதி, பின்னேரம், அலை கொல்லைச் சுவரை இடித்துக்கொண்டிருக்க, சலேத்து கூரைமேல் ஏறி ஓடு பிரித்தான். உதவிக்கு வந்த நாலைந்து பேர் வெளியே ஓட்டை அடுக்கினார்கள், கித்தேரி உள்ளே நின்று கைநீட்டி வாங்கினாள். கிழக்கு மூலை உத்தரத்தைப் பிரிக்க ஒருவன் ஏறியபோது, "அந்தப் பக்கம் நீ போகாத, அது நான் பாக்கேன்" என்று சலேத்து அதட்டினான். அவனே தவழ்ந்து போய், உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையில் கைவிட்டு, துருப்பிடித்த பவுடர் டப்பா ஒன்றை எடுத்தான். எடுத்தவன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு இறங்கி வந்து அதை அவள் கையில் வைத்தான். உள்ளே உள்ளங்கையளவு துணி இருந்தது. பச்சையில் மஞ்சள் பூப்போட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவென்று கித்தேரி போட்டிருந்த ஜாக்கெட்டின் கை அது, தையலோடு பிய்ந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"பிள்ளை கையில இருந்துச்சு" என்றான் சலேத்து. "மூடின கை. விரிக்க முடியல. ஒவ்வொரு விரலாத்தான் விரிச்சேன்."

கித்தேரி துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் விடல, அவளும் விடலன்னு அன்னைக்கே தெரியும் எனக்கு. உன்கிட்ட அப்படிக் கேட்டதுக்கு அப்புறம்தான் பிள்ளை கிடைச்சா. கேட்டதைத் திருப்பி வாங்க வாய் வரல. அந்த நேரத்துல கடல்ல கிடந்தேன் நான், என்னை வைய ஆளில்ல. யார் தலையிலயாவது போட்டாத்தான் என்னால நிக்க முடிஞ்சுது. ஊரு போட்டுச்சு, நானும் பேசாம இருந்துட்டேன். பதினோரு வருசம். என்னை நீ என்ன வேணும்னாலும் சொல்லு கித்தேரி. பெனித்தா மேல சத்தியமா, நீ விடல."

பதினோரு வருசமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது வந்தேவிட்டது. ஆனால் அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. துணியை விரலால் நீவி நீவி விட்டாள்.

"எந்தக் கையில வச்சிருந்தா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"பிள்ளை. எந்தக் கை?"

சலேத்து யோசிக்கவே இல்லை. "எடது கை."

"எடது கையா?" என்றாள் கித்தேரி. "எதை எடுத்தாலும் அவ அந்தக் கையாலதான் எடுப்பா. அது சோத்துக்கை இல்லடின்னு அந்தக் கையிலயே எத்தனை அடி அடிச்சிருக்கேன். அன்னைக்குக் காலையிலகூட அடிச்சேனே."

அப்படியே கூரையில்லாத அந்த வீட்டின் நடுவில் உட்கார்ந்து, பதினோரு வருசமாக ஊர் கேட்டிராத குரலில் அவள் ஓவென்று கதறினாள். வெளியே ஓடு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார்கள்.